தானாகக் கணக்குப் போடும் பிடிஎஃப் படிவங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கும் நிட்டிங் (துணி பின்னும்), டையிங் (சாயம் போடும்) யூனிட்டுகளுக்கும், பல்லடம் சோமனூர்ப் பக்கம் சில தறிக்காரர்களுக்கும் நிரப்பக்கூடிய பிடிஎஃப் படிவங்கள் செய்து கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் டெலிவரி செலான் (சுருக்கமாக டிசி), ரோல் லிஸ்ட், கூலி பில், கட்டிங் ரிப்போர்ட். போனில் வரும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: நிட்டிங் யூனிட்டிலிருந்து டையிங்குக்குப் போகும் துணி ரோல்களின் டிசி. அதில் ரோல் எண், டயா (விட்டம்), எடை, கிலோவுக்குக் கூலி, தொகை என்று ஐந்து பத்திகள். கீழே மொத்தம். அந்த மொத்தத்தை வைத்துத்தான் சனிக்கிழமை பட்டுவாடா நடக்கிறது. அதனால் கூட்டல் விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே பேசுவேன்.

பிடிஎஃப்னா பிரிண்ட் எடுக்கறதுக்குத்தானுங்களே? அதுல டைப் பண்ண முடியுங்களா?

முடியும். 1993-ல் பிடிஎஃப் வந்தபோது காகிதத்தில் இருப்பதை அப்படியே திரையில் காட்டத்தான் வந்தது. 1996-ல் வந்த 1.2 பதிப்பில் நிரப்பும் கட்டங்கள் சேர்ந்தன. டைப் செய்யும் கட்டம், டிக் போடும் கட்டம், பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும் கட்டம், பட்டன் எல்லாமே பழைய சமாச்சாரம்தான்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தில் தெரியும் கோடுகள் வேறு, நிரப்பும் கட்டங்கள் வேறு. எக்செல்லில் ஒவ்வொரு செல்லுக்கும் தன் வரிசையும் பத்தியும் தெரியும். சாதாரண பிடிஎஃப் படிவத்தில் கோடுகள் வெறும் படம். அதன்மேல் கட்டங்களைத் தனித்தனியாகக் கொண்டுவந்து வைக்கிறோம். 'இது மூன்றாவது வரிசை, இது எடைப் பத்தி' என்பது நாம் சூட்டும் பெயரில்தான் இருக்கிறது, பிடிஎஃப்புக்கு அது தெரியாது. கீழே வரும் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

எக்செல்லே இருக்குதுங்களே, இது எதுக்குங்கக்கா தனியா?

ஆபீஸுக்குள்ளேயே சுற்றும் கணக்கு என்றால் எக்செல் போதும், படிவம் வேண்டாம் என்றுதான் நானே சொல்வேன். நாலு வேறு இடங்களுக்குப் போய், நாலு பேர் நிரப்பி, ஏ4 தாளில் ஒரே அமைப்பில் பிரிண்ட் ஆகி, கையெழுத்தும் வாங்க வேண்டும் என்றால் பிடிஎஃப் நல்லது. எக்செல்லில் யாரோ ஒருவர் தெரியாமல் ஃபார்முலா மேல் ஒரு எண்ணை டைப் செய்துவிட்டுப் போய்விடுவார், அடுத்தவருக்கு அது தெரியவே தெரியாது. பிடிஎஃப்பில் மொத்தக் கட்டத்தை 'படிக்க மட்டும்' என்று வைத்துவிட்டால் நிரப்புகிறவர் கை அதில் படாது.

'டைனமிக்'னு எல்லாரும் சொல்றாங்க. அப்படீன்னா என்னங்க?

இரண்டு வேறு காரியங்களை இந்த ஒரே சொல்லால் சொல்கிறார்கள். ஒன்று, எடையை மாற்றினால் தொகையும் மொத்தமும் தானாக மாறுவது. இன்னொன்று, ரோல் கூடக் கூட வரிசைகளும் பக்கங்களும் தானாகக் கூடுவது.

படிவம் கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, 'உங்களுக்கு எண் மாறணுமா, வரிசை கூடணுமா?' என்பதைத்தான். எண் மாறுவது சாதாரண பிடிஎஃப்பிலேயே நடக்கும், செலவும் குறைவு. வரிசை கூடுவது முற்றிலும் வேறு வகைப் படிவம், அதைத் திறக்கும் இடங்களும் குறைவு. பத்தில் எட்டுப் பேருக்கு முதலாவதே போதும் என்பது என் அனுபவம்.

அக்ரோஃபார்ம், எக்ஸ்எஃப்ஏ... ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?

மேலே சொன்ன இரண்டு வகைகளின் பெயர்கள்தான் இவை. 1996 முதல் இருக்கும் சாதாரணக் கட்டங்கள் அக்ரோஃபார்ம். பக்கம் அசையாது, கட்டங்கள் வைத்த இடத்திலேயே இருக்கும், கோப்புக்குள் எழுதி வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் (ஸ்கிரிப்ட்) கணக்குப் பார்க்கும். எக்ஸ்எஃப்ஏ 2003-ல் 1.5 பதிப்போடு வந்தது. ஜெட்ஃபார்ம் என்ற நிறுவனம் உருவாக்கிய நுட்பம் அது. பின்னால் அக்செலியோ என்று பெயர் மாறிய அந்த நிறுவனத்தை, பிடிஎஃப்பை உருவாக்கிய அடோபி 2002-ல் வாங்கியது. இதில் பக்கம் முன்கூட்டியே வரையப்பட்டிருக்காது. உள்ளே எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் ஒரு வரைவு இருக்கும், திறக்கும்போதுதான் பக்கம் உருவாகும். அதனால்தான் வரிசை கூட முடிகிறது.

கோவையில் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவர்களுக்கு, மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் (எம்சிஏ) எம்சிஏ21 தளத்தின் கம்பெனிப் படிவங்கள் நினைவிருக்கும். எத்தனை இயக்குநர்கள் என்று எண்ணைப் போட்டதும் அத்தனை பகுதிகள் கீழே விரியும், 'செக் ஃபார்ம்' பட்டன் தப்பைக் காட்டும். நன்றாக உழைத்த நுட்பம்தான். ஆனால் 2017-ல் வந்த பிடிஎஃப் 2.0 தரநிலை எக்ஸ்எஃப்ஏவைக் கைவிடப்பட்டது என்று அறிவித்தது. எம்சிஏ தளமும் 2022-ல் எல்எல்பி (வரம்புப் பொறுப்புக் கூட்டாண்மை) படிவங்களில் தொடங்கி இணையப் படிவங்களுக்கு நகர்ந்துவிட்டது. புதிதாக இப்போது தொடங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும்.

மொத்தம் தானா வரோணும். எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?

பெயரிலிருந்து. படிவம் தயாரிக்கும் அடோபியின் அக்ரோபேட் மென்பொருளில் கட்டம் போட்டதும் அதுவே ஒரு பெயரைக் கொடுக்கும், அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். எடைப் பத்தியின் கட்டங்களுக்கு எடை.0, எடை.1, எடை.2 என்று புள்ளி வைத்து எண் கொடுங்கள். கூலிக்கும் தொகைக்கும் அதே மாதிரி. ஒரு கட்டத்தைச் சரியாகச் செய்துவிட்டு 'பல நகல்கள்' என்ற வசதியைப் பயன்படுத்தினால் புள்ளியும் எண்ணும் அதுவே போட்டுக்கொள்ளும். புரிவதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன். நிஜப் படிவத்தில் ஆங்கில எழுத்தில் சின்னதாக வையுங்கள், பின்னால் தகவலை எக்செல்லுக்கு எடுக்கும்போது தலைவலி குறையும்.

புள்ளிக்கு முன்னால் இருப்பது தாய்ப்பெயர். மொத்தக் கட்டத்தின் பண்புகளில் 'கணக்கு' என்ற பகுதிக்குப் போய், கூட்டல் என்று தேர்ந்தெடுத்து, 'எடை' என்ற தாய்ப்பெயரை மட்டும் கொடுத்தால் போதும், அந்தப் பத்தியின் எல்லாக் கட்டங்களையும் அது சேர்த்துக்கொள்ளும். தொகைக்கு, அந்த வரிசையின் எடையையும் கூலியையும் பெருக்கச் சொல்லுங்கள். முக்கியமாக ஒன்று: எடை, கூலி, தொகை மூன்றுக்கும் வடிவம் 'எண்' என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாராவது '25 கி' என்று டைப் செய்வார்கள், கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

தொகை மாறுது, ஆனா மொத்தம் பழசே நிக்குதுங்க. அடுத்த கட்டத்துல ஏதாச்சும் டைப் பண்ணினாத்தான் மாறுது.

எனக்கு அதிகமாக வரும் போன் இதுதான். காரணம் கணக்கு வரிசை. ஒரு கட்டம் மாறியதும் அக்ரோபேட் எல்லாக் கணக்குக் கட்டங்களையும் ஒவ்வொன்றாக, ஒரு குறிப்பிட்ட வரிசையில் போட்டுப் பார்க்கும். அந்த வரிசை பெரும்பாலும் நீங்கள் கட்டங்களை உருவாக்கிய வரிசைதான். மொத்தத்தை முதலில் செய்துவிட்டுத் தொகைகளைப் பின்னால் சேர்த்திருந்தால், மொத்தம் முந்திக்கொண்டு பழைய தொகைகளைக் கூட்டிவிடும். அதற்குப் பிறகுதான் தொகை மாறும். அடுத்த முறை எங்காவது டைப் செய்யும்போது மொத்தம் சரியாகும்.

படிவம் தயாரிக்கும் பக்கத்தில் 'கணக்கு வரிசையை அமை' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முதலில் வரிசைத் தொகைகள், பிறகு மொத்தம், பிறகு வரி, கடைசியில் நிகரத் தொகை என்று மேலிருந்து கீழாக அடுக்குங்கள். காகிதத்தில் எந்த வரிசையில் போடுவீர்களோ அதே வரிசை. கட்டம் ஒன்று புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் இந்தப் பட்டியலைப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, எண்ணை டைப் செய்த உடனே மாறவில்லை என்று பதற வேண்டாம். டேப் அல்லது என்டர் தட்டி வெளியே வந்தால்தான் அந்த எண் பதிவாகும்.

25 கிலோ, 30 கிலோ போட்டா 55 வரோணும். 2530 வருதுங்கக்கா!

முதல் வரிசையைக் காலியாக விட்டிருப்பீர்கள். காலிக் கட்டம் பூஜ்ஜியம் இல்லை, வெற்று எழுத்து. சொந்தமாக எழுதிய ஸ்கிரிப்டில் கூட்டல் குறி எழுத்தைப் பார்த்தால் கூட்டாது, ஒட்டும். வெற்று எழுத்தோடு 25 ஒட்டி, அதோடு 30 ஒட்டி, 2530. கூட்டும் முன் ஒவ்வொரு மதிப்பையும் எண்ணாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மேலே சொன்னபடி கட்டத்தின் பண்பிலேயே தேர்ந்தெடுக்கும் தயார்க் கூட்டலில் இந்தத் தொல்லை வராது. அதனால் அது போதும் இடத்தில் ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள்.

இதற்குத் தம்பி ஒன்று உண்டு: சராசரி எடை பார்க்க மொத்தத்தை ரோல் எண்ணிக்கையால் வகுப்பது. ரோலே போடாதபோது பூஜ்ஜியத்தால் வகுத்து, 'நீங்கள் கொடுத்த மதிப்பு கட்டத்தின் வடிவத்தோடு பொருந்தவில்லை' என்ற பெட்டி ஆங்கிலத்தில் எகிறும். எண்ணிக்கை பூஜ்ஜியமானால் கட்டத்தை வெறுமையாக விடு என்று ஒரு நிபந்தனை போட்டால் சரியாகிவிடும். காலி வரிசைகளில் 0.00 வரிசையாக நிற்பதற்கும் இதே மருந்துதான்.

டிசி மூணு காப்பி எடுக்கோணும். மூணு தடவை டைப் பண்ணோணுங்களா?

வேண்டாம். பிடிஎஃப்பில் ஒரே பெயருள்ள கட்டங்கள் எப்போதும் ஒரே மதிப்பைக் காட்டும். ஜிஎஸ்டி விதி 55-ன் செலான் மூன்று பிரதி: பெறுபவருக்கு, வண்டிக்காரருக்கு, அனுப்புபவருக்கு. மூன்று பக்கங்களிலும் கட்டங்களுக்கு அதே பெயர்களை வைத்தால், முதல் பக்கத்தில் நிரப்பியதும் மற்ற இரண்டும் தாமாக நிரம்பும். பிரதியின் தலைப்பு மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் அச்சாகவே இருக்கட்டும்.

அதே குணம் தெரியாமல் பண்ணினால் கழுத்தை அறுக்கும். ஒரு வரிசையை காப்பி செய்து கீழே ஒட்டிவிட்டுப் பெயரை மாற்ற மறந்தால், ஐந்தாவது ரோலின் எடையை டைப் செய்யும்போது நாலாவதும் கூடவே மாறும்.

ஒரு நாளைக்கு 12 ரோல், ஒரு நாளைக்கு 60 ரோல். வரிசை தானாக் கூடற மாதிரி பண்ண முடியாதுங்களா?

இதற்கு நான்கு வழிகள் உண்டு. எது சரி என்பது படிவத்தை யார், எதில் திறப்பார்கள் என்பதைப் பொறுத்தது. படிவத்தின் அழகை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எக்ஸ்எஃப்ஏ செய்தால் வரிசை நிஜமாகவே கூடும், அடுத்த பக்கத்துக்கும் ஓடும். ஆனால் அதைத் திறக்கக் கணினி வேண்டும், பெரும்பாலும் அடோபி ரீடரும் வேண்டும். போனை நம்பியிருக்கும் இடத்துக்கு உதவாது. இரண்டாவது வழி, அக்ரோஃபார்மில் 60 வரிசைகளையும் முன்பே போட்டு, வேண்டாதவற்றை மறைத்து வைத்து, பட்டனை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாகக் காட்டுவது. திரையில் பார்க்க நன்றாக இருக்கும். பிரிண்ட்டில் மறைந்த வரிசைகளின் இடம் வெறுமையாகத் தெரியும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ரோல் எண், எடை இரண்டும் சின்ன எண்கள். எனவே பக்கத்தை நெட்டுக்குத்தாக இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் 20, வலப்பக்கம் 20 என்று 40 ரோலுக்கு இடம் விடுகிறேன். நிட்டிங் யூனிட்டுகளில் கையால் எழுதும் ரோல் லிஸ்ட்டும் இப்படிப் பக்கம் பக்கமாகத்தான் இருக்கும், எடை போடுகிற அண்ணனுக்குக் கண் பழகிய அமைப்பு. 40-க்கு மேல் போனால் இரண்டாவது பக்கம். மொத்தத்தை அட்டவணைக்குக் கீழே வைக்காமல் தலைப்பில், டிசி எண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன். அதனால் 12 ரோல் இருந்தாலும் 60 இருந்தாலும் மொத்தத்தைத் தேட வேண்டியதில்லை, இரண்டாம் பக்கம் காலியானால் முதல் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்தால் போதும்.

நான்காவது, எடை மெஷினிலிருந்தே எண் நேராகக் கணினிக்கு வரும் யூனிட்டுகளுக்கு. அங்கே நிரப்பும் படிவமே தேவையில்லை. மென்பொருள் வேண்டிய நீளத்துக்கு பிடிஎஃப்பை உருவாக்கித் தரட்டும். இருக்கும் எண்ணை மறுபடி ஒருவர் டைப் செய்வது தப்புக்குத்தான் வழி.

சரிங்க, எக்ஸ்எஃப்ஏலயே போறோம். வரிசையைக் கூட்டறது எப்படீங்க?

அடோபி டிசைனர் என்ற தனி மென்பொருள் வேண்டும். முன்பு அக்ரோபேட் புரொஃபஷனலோடு சேர்ந்தே வந்தது, 11-ம் பதிப்பிலிருந்து தனியாகிவிட்டது. அதில் ஒரு அட்டவணை போட்டு, தலைப்பு வரிசை ஒன்று, தகவல் வரிசை ஒன்று மட்டும் வையுங்கள். தகவல் வரிசையின் இணைப்புப் பண்பில் 'ஒவ்வொரு தகவலுக்கும் வரிசை திரும்ப வரட்டும்' என்பதை டிக் செய்து, குறைந்தபட்சம் 1 என்று கொடுங்கள். அட்டவணை இருக்கும் பகுதி 'நகரும் அமைப்பு' என்று இருக்க வேண்டும், பக்கம் உடையவும் அனுமதி வேண்டும். தலைப்பு வரிசை ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வருவதற்கும் ஒரு டிக் உண்டு.

கூட்டும் பட்டன் அந்த வரிசையின் நிர்வாகியை (இன்ஸ்டன்ஸ் மேனேஜர்) கூப்பிட்டு 'இன்னொன்று சேர்' என்கிறது. ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் இருக்கும் நீக்கும் பட்டன் தன் வரிசையின் எண்ணைச் சொல்லி 'இதை எடு' என்கிறது. மொத்தத்துக்கு, எக்ஸ்எஃப்ஏ படிவங்களின் கணக்கு மொழியான ஃபார்ம்கால்க்கில் ஒரே வரி போதும்: வரிசைப் பெயருக்குப் பின் சதுர அடைப்பில் நட்சத்திரம் போட்டால் 'எத்தனை வரிசை இருந்தாலும் எல்லாம்' என்று பொருள். வரிசை கூடினாலும் குறைந்தாலும் மொத்தம் கூடவே மாறும். இந்த ஒரு அழகுக்காகவே அந்த நுட்பத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

எல்லாம் செய்தும் பட்டன் அசையாவிட்டால், சேமித்த வகையைப் பாருங்கள். 'நிலையான' எக்ஸ்எம்எல் படிவம் என்று சேமித்திருந்தால் வரிசை கூடாது. 'டைனமிக்' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்க வேண்டும்.

பார்ட்டி போன்ல தொறந்தா இங்கிலீஷ்ல 'ப்ளீஸ் வெயிட்'னு மட்டும் வருதாம். ஃபைல் கெட்டுப் போச்சுங்களா?

கெடவில்லை. டைனமிக் எக்ஸ்எஃப்ஏ கோப்பில், அதைப் புரிந்துகொள்ளாத மென்பொருளுக்காக ஒரே ஒரு சாதாரணப் பக்கம் உள்ளே இருக்கும். அதில் எழுதியிருப்பதுதான் அந்த வாசகம். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மாறாது. கணினியில் அடோபி ரீடரில் திறந்தால் சரியாக வரும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் 2021-ல் வந்த 93-ம் பதிப்பிலிருந்து காட்டுகிறது. போனில் இருக்கும் அடோபி செயலியிலேயே இது திறக்காது. வாட்ஸாப்பில் போய் வருகிற படிவம் என்றால் எக்ஸ்எஃப்ஏ வேண்டாம்.

எங்க கம்ப்யூட்டர்ல கணக்கு வருது. டையிங்ல தொறந்தா எண் போட்டாலும் மொத்தம் வர மாட்டீங்குது.

அது சாதாரண அக்ரோஃபார்ம் என்றால், அங்கே ஸ்கிரிப்ட் ஓடவில்லை. ரீடரின் விருப்பங்களில் ஜாவாஸ்கிரிப்ட்டை நிறுத்தியிருக்கலாம். உலாவியிலேயே திறந்திருந்தால் சில கணக்குகள் வரும், சில வராது. மேக் கணினியின் பிரிவ்யூவில் ஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது.

எண் வராமல் இருப்பதைவிட ஆபத்து, பாதி வந்து பழைய மொத்தம் நிற்பது. அதனால் நான் செய்யும் எல்லாப் படிவங்களிலும் மேலே சிவப்பில் ஒரு வரி வைக்கிறேன்: 'இந்தத் திரையில் கணக்கு வேலை செய்யாது, மொத்தத்தை நம்பாதீர்கள்'. கோப்பு திறந்ததும் ஓடும் ஸ்கிரிப்ட் செய்யும் முதல் வேலை இந்த வரியை மறைப்பது. ஸ்கிரிப்ட் ஓடினால் வரி தெரியாது. ஓடாவிட்டால் வரி நிற்கும், படிவமே உண்மையைச் சொல்லிவிடும். கோப்பை அனுப்பும் முன் அந்த வரி தெரிகிற நிலையில் சேமித்து அனுப்புங்கள்.

வரிசையை மறைச்சு வெச்சேன். ஆனா மறைஞ்ச ரோலோட எடையும் மொத்தத்துல சேருதுங்களே?

சேரும். மறைப்பது கண்ணுக்கு மட்டும்தான், கட்டமும் மதிப்பும் அங்கேயே இருக்கின்றன. நீக்கும் பட்டன் முதலில் அந்த வரிசையின் மதிப்புகளை வெறுமையாக்க வேண்டும், பிறகுதான் மறைக்க வேண்டும். வெறுமையாக்காமல் மறைத்தால் இல்லாத ரோலுக்குக் கூலி போகும்.

இங்கே பெயர் விஷயத்தில் ஒரு முடிச்சு உண்டு. தாய்ப்பெயரை மறைத்தால் அதன் பிள்ளைகள் எல்லாமே மறையும். அதனால் ரோல்.7.எடை, ரோல்.7.தொகை என்று வரிசைப் பெயரை முன்னால் வைத்தால் ஒரே சொல்லில் வரிசையை மறைக்கலாம். ஆனால் அப்படி வைத்தால், மேலே சொன்ன தயார்க் கூட்டலுக்கு 'எடை' என்ற தாய்ப்பெயர் கிடைக்காது. நான் எப்போதும் பத்திப் பெயரைத்தான் முன்னால் வைக்கிறேன். மறைக்க ஐந்து பத்திகளுக்கும் ஒரு சுற்று ஓட விட்டால் போகிறது. கூட்டல் எளிமையாக இருப்பதுதான் முக்கியம்.

வரிசைகள் அதிகமானால் பழைய கணினியில் திணறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லாக் கணக்கும் ஓடுவதுதான் காரணம். மொத்தமாக மறைக்கும்போதும் அழிக்கும்போதும் ஆவணத்தின் கணக்கை நிறுத்திவைத்து, வேலை முடிந்ததும் மறுபடி ஓட விடச் சொல்லுங்கள்.

பைசா கணக்கு தட்டுதுங்க. கால்குலேட்டர்ல ஒண்ணு, படிவத்துல ஒண்ணு.

மூன்று ரோல்கள், ஒவ்வொன்றும் 21.15 கிலோ, கூலி கிலோவுக்கு 8.75 ரூபாய் என்று வையுங்கள். பெருக்கினால் 185.0625. கட்டம் இரண்டு தசமம் காட்டுவதால் 185.06 என்று தெரியும். தெரியும் எண்களைக் கால்குலேட்டரில் கூட்டினால் 555.18. படிவமோ உள்ளே இருக்கும் முழு எண்களைக் கூட்டி 555.1875 ஆக்கி, 555.19 என்று காட்டும். வடிவம் என்பது காட்டும் விதம் மட்டும்தான், மதிப்பைத் தொடாது.

வரிசைத் தொகையின் கணக்கிலேயே இரண்டு தசமத்துக்குத் திருத்திவிடுங்கள். அப்போது தெரிவதும் இருப்பதும் ஒன்றாகும். ஒரு பைசாதானே என்று விடாதீர்கள். கூலி வாங்குகிறவர் கையில் கால்குலேட்டர் இருக்கிறது. ஒருமுறை தட்டினால் அடுத்த வாரம் முழு படிவத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். வரித் தொகையை முழு ரூபாய்க்குத் திருத்துவது தனி விஷயம், ஜிஎஸ்டி சட்டத்தின் 170-வது பிரிவு அதைச் சொல்கிறது. அதற்கு 'ரவுண்ட் ஆஃப்' என்று தனிக் கட்டம் வைத்து, கூட்டிய பைசாவையோ குறைத்த பைசாவையோ கண்ணுக்குத் தெரியக் காட்டுங்கள்.

1,00,000-ன்னு வர மாட்டீங்குது. 100,000-ன்னு வருது.

தயார் எண் வடிவங்களில் நம் லட்சக் கணக்குக்கு இடமில்லை, மூன்று மூன்றாகத்தான் பிரிக்கும். வடிவத்துக்குச் சொந்த ஸ்கிரிப்ட் போட வேண்டும்: கடைசி மூன்று இலக்கங்களைத் தனியே எடுத்து, மிச்சத்தை வலமிருந்து இரண்டு இரண்டாகப் பிரித்துக் காற்புள்ளி வைப்பது. இதை வடிவப் பகுதியில் மட்டும் செய்யுங்கள். கணக்குப் பகுதியில் செய்தால் மதிப்புக்குள்ளேயே காற்புள்ளி புகுந்து அடுத்த கூட்டல் கெடும்.

ஜிஎஸ்டி மாறினா படிவம் பூராவும் மாத்தோணுங்களா?

வரி விகிதத்தை ஸ்கிரிப்டுக்குள் எழுதியிருந்தால் ஆமாம். அதனால் எழுதாதீர்கள். விகிதத்துக்குத் தனிக் கட்டம் வைத்து, அதில் 5 என்று எண்ணாகவே போட்டு, கணக்கில் 100-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஆயத்த ஆடைக்கு 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், மேலே 12 என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லை 2,500 ஆகி, மேலே 18 ஆனது. விகிதமும் எல்லையும் கட்டத்தில் இருந்த படிவங்களை அன்று காலையில் இரண்டு எண்களை மாற்றிப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியா, ஐஜிஎஸ்டியா என்பதையும் படிவமே பார்த்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி பதிவு எண்ணின் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலம்: நமக்கு 33, கேரளாவுக்கு 32, கர்நாடகத்துக்கு 29. இதை வைத்து, ஒரே மாநிலமென்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியும் வேறு மாநிலமென்றால் ஐஜிஎஸ்டியும் தானாக விழும்படி செய்யலாம். சரக்கு வேறு இடத்தில் இறங்குமென்றால் அது பொருந்தாது. எனவே மாற்றிக்கொள்ள ஒரு டிக் கட்டமும் விடுங்கள்.

பார்ட்டி பேரைத் தமிழ்ல அடிச்சா கட்டம் கட்டமா வருது. சில இடத்துல கொம்பு தனியா நிக்குது.

வெறும் கட்டங்கள் வந்தால் எழுத்துருவில் தமிழ் இல்லை. கட்டத்தின் பண்பில் நிர்மலா, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துரு ஒன்றைக் கொடுங்கள். கொம்பு பிரிந்து நின்றால், எழுத்துரு சரிதான், திறந்த மென்பொருளுக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. அதைப் படிவத்துக்குள் இருந்து சரிசெய்ய முடியாது. தலைப்புகளையும் குறிப்புகளையும் தமிழில் அச்சாக வைத்து, திரும்பத் திரும்ப வரும் பெயர்களுக்குத் தேர்வுப் பட்டியல் வையுங்கள். 'கோபிசெட்டிபாளையம்', 'பெருந்துறை' என்று ஒவ்வொன்றாக அந்தந்த இடத்துக் கணினியில் தேர்ந்தெடுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பாமினி எழுத்துரு வேண்டாம். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தகவலை வெளியே எடுத்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும்.

அக்ரோபேட் வாங்கற அளவுக்கு வசதி இல்லீங்க. இலவசமா எதுவும் இல்லீங்களா?

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் படிவக் கட்டங்கள் போட்டு, பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யும்போது 'பிடிஎஃப் படிவம் உருவாக்கு' என்பதை டிக் செய்தால் நிரப்பும் படிவம் வரும். ஆனால் அதில் எழுதிய கணக்குகள் கூட வராது. ஸ்கிரிபஸ் என்ற இலவச வடிவமைப்பு மென்பொருளில் கட்டங்களும் ஜாவாஸ்கிரிப்ட் கணக்குகளும் போடலாம், பழக ஒரு வாரம் ஆகும். நிரப்புகிறவர்களுக்கு இலவச ரீடரே போதும்.

நிரப்பித் திரும்பி வந்த படிவத்தையெல்லாம் எக்செல்ல ஏத்தறது எப்படீங்க?

அக்ரோபேட்டில் பல படிவங்களின் தகவலை ஒரே விரிதாளாக இணைக்கும் வசதி இருக்கிறது. ஒரு படிவம் ஒரு வரிசையாக வரும். 40 ரோல், ஐந்து பத்தி என்றால் எக்செல்லில் 200 பத்திகள் அகலத்துக்கு நீளும். பெயர்களை ஒழுங்காக வைத்திருந்தால் அதைத் திருப்பி ரோல் வாரியாக அடுக்குவது எளிது. எக்ஸ்எஃப்ஏ படிவத்தில் எக்ஸ்எம்எல் எடுத்தால் ஒவ்வொரு ரோலும் தனித்தனியாகவே வரும்.

பார்ட்டி நிரப்பிவிட்டு 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்து அனுப்பினால் கட்டங்கள் போய்விடும், வெறும் பக்கம்தான் மிஞ்சும். சேமித்து அனுப்பச் சொல்லுங்கள்.

கையெழுத்து போட்டதுக்கு அப்புறம் யாராச்சும் எடையை மாத்திட்டா என்னங்க பண்றது?

டிஜிட்டல் கையெழுத்துக் கட்டத்தின் பண்பில், கையெழுத்து விழுந்ததும் எந்தக் கட்டங்கள் பூட்ட வேண்டும் என்று சொல்லலாம். நிட்டிங் தரப்பின் கையெழுத்து ரோல் எண், எடை, கூலி, தொகை, மொத்தம் எல்லாவற்றையும் பூட்டட்டும். டையிங் தரப்பு நிரப்பும் 'வந்த எடை', 'குறைவு' இரண்டும் திறந்தே இருக்கட்டும். அவர்கள் கையெழுத்திட்டதும் அவையும் பூட்டட்டும். பூட்டிய கட்டங்களை எந்த ஸ்கிரிப்டும் மறுபடி எழுதாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எழுதினால், யாரும் கை வைக்காமலே கையெழுத்துக்குப் பின் மாற்றம் நடந்ததாகக் காட்டும்.

போன மாசத்து டிசியைத் தொறந்தா இன்னைக்குத் தேதி காட்டுதுங்க!

தேதி தானாக விழட்டும் என்று கோப்பு திறக்கும்போது ஓடும் ஸ்கிரிப்டில் எழுதியிருப்பார்கள். அது படிவம் புதிதா பழையதா என்று பார்க்காது, திறக்கும் ஒவ்வொரு முறையும் அன்றைய தேதியைப் போடும். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடினால் கோப்பில் பழைய தேதி பிழைக்கும். சேமித்துவிட்டால் அது போயே போச்சு.

ஆரம்ப நாட்களில் நான் செய்து கொடுத்த ஒரு டிசியிலேயே இது நடந்தது. ஆடிட்டிங்குக்காகப் பழைய டிசிகளைத் திறந்து பிரிண்ட் எடுத்தபோது எல்லாவற்றிலும் ஒரே தேதி. ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கூலி வேலைக்கு) அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வர வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 143-வது பிரிவு சொல்கிறது. அந்தக் கடைசி நாளையும் தேதியை வைத்துப் படிவமே கணக்கிடும்படி அமைத்திருந்தேன், அதுவும் சேர்ந்து நகர்ந்துவிட்டது. வண்டிப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு டிசிக்கும் உண்மைத் தேதியைத் தேடினோம்.

திருத்தம் ஒரே நிபந்தனைதான்: தேதிக் கட்டம் காலியாக இருந்தால் மட்டும் இன்றைய தேதியைப் போடு, இல்லாவிட்டால் தொடாதே. கையெழுத்து பூட்டும் பட்டியலில் தேதியையும் சேர்த்துவிடுங்கள். படிவத்தை ஒப்படைக்கும் முன், ஒன்றை நிரப்பிச் சேமித்து, கணினியின் தேதியை ஒரு மாதம் தள்ளி வைத்துத் திறந்து பாருங்கள்.